அப்பா திரும்பும் வரை

நரி கேமராவைப் பார்க்கவில்லை.

இத்தனை வருடமாகப் படங்களை அடுக்கி வைத்தவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. பதிப்பகத்துப் பெண்மணிதான் தொலைபேசியில் சொன்னார்.

"மேடம், சார் எடுத்த படமெல்லாம் அருமை. ஆனா ஒண்ணுகூட நம்மளப் பார்க்க மாட்டேங்குதே. எல்லாமே சாருக்குப் பின்னாடி எதையோ பார்க்குது. அட்டைக்காவது நேரா பார்க்கிற மாதிரி ஒண்ணு இருந்தா தேவலை."

"தேடிப் பார்க்கிறேங்க," என்று சொல்லிவிட்டு அவள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜைமேல் சாய்த்திருந்தது. கீழே தெருவில் யாரோ கிளம்பாத வண்டியை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. மேஜைக்கு அடியில் மேனேஜர் அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கியது. குட்டைக்கால் நாய். யார் வந்தாலும் முழுக்க மோந்து பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் உள்ளே விடும் என்பதால் மகள் வைத்த பேர் அது.

கணவர் விலங்குகளைப் படம் எடுப்பவர். அவர் உலகம் சுற்றுவார். அவள் வீட்டில் இருந்தபடி படங்களைப் பொறுக்கி, கீழே நாலு வரி எழுதுவாள். அந்த நாலு வரிக்காக அவர் ஒவ்வொரு ஊரிலிருந்தும் கூப்பிட்டுக் கதை சொல்வார். இன்று அவரே வருகிறார். விமானம் இறங்கியாயிற்று என்று சற்று முன்புதான் செய்தி வந்தது.

பனியில் நின்ற நரியின் பார்வை கேமராவுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் போயிருந்தது. பாறைமேல் கிடந்த கடல்நாயின் பார்வையும் அதே இடத்துக்குத்தான். குரங்கு ஒன்று கையிலிருந்த பழத்தை அந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது, யாருக்கோ கொடுப்பதுபோல. அப்புறம் அந்த யானைக்குட்டி. அதைப் பற்றி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நேரா என்கிட்டதான் வந்துச்சும்மா. சரி, நம்மளத் தடவப் போகுதுன்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், என்னைக் கண்டுக்கவே இல்ல. என் தோளுக்குப் பக்கத்துல தும்பிக்கைய நீட்டி வெறும் காத்தைத் தடவிக்கிட்டு நிக்குது. லூசு யானை."

அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். மகள் போன பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அவர் எப்போதும் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித்தான் படம் எடுப்பார். அப்படி உட்கார்ந்தவரின் தோளுக்குப் பக்கத்தில், தும்பிக்கை எட்டுகிற உயரத்தில். அவள் நாற்காலியில் இருந்தபடியே காற்றில் கையை வைத்துப் பார்த்தாள். கை தானாகவே ஓர் இடத்தில் நின்றது. தினமும் காலையில் தலை பின்னிவிட்ட கை. அந்த உயரம் அதற்கு மறக்குமா?

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். சேட்டைக்காக வைத்த பேர் இல்லை. எந்நேரமும் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிவாள், அதற்காக. பள்ளியிலிருந்து வந்தால் மணியை அடிக்க மாட்டாள். கதவுக்கு அடியில் மழையில் அரித்துப்போன இடைவெளி வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து வைப்பாள். மேனேஜர் ஓடிப்போய்த் தன் காலை அதில் வைக்கும். கை குலுக்கி முடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவள் சட்டம். அடுத்த தடவை வரும்போது அந்தக் கதவைச் சரி செய்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

அப்பாவிடமும் ஒரு சட்டம் இருந்தது. காட்டில் அவர் படம் எடுக்கும்போது வாலு பின்னால் நிற்க வேண்டும். சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா திரும்பி, "சரி, வா" என்று சொல்லும்வரை அசையக் கூடாது, சத்தம் போடக் கூடாது.

மூன்று பேரும் சேர்ந்து காட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவைதான். ஆற்றங்கரையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று விளையாடிக்கொண்டிருந்தது. அவள் விடுதியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மகளுக்காக நீலப் பாசிமணி கோத்து, மணிக்கட்டில் அளவாகக் கட்டி, அவிழ்ந்துவிடாமல் இருக்க நூலை இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள். நீர்நாய்கள் போன பிறகு அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். கரையோரம் கொஞ்சம் மண் சரிந்திருந்தது. சேற்றில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கேட்டிருக்காது. வாலு சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.

உடல் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து அவர் எதற்கும் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் நிற்பார். அவர்கள்தான் சுற்றி முன்னால் வர வேண்டும். ஒருமுறை அவளே கேட்டாள். "திரும்பினா அங்க இருக்க மாட்டாளே," என்று மட்டும் சொன்னார்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். அவருடைய சட்டைகளில் முதுகுப் பக்கத்து நுனி மட்டும் தொய்ந்து, நூல் விட்டுக் கிடக்கும். பையின் வார் இழுக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் தைத்து வைப்பாள். இப்போது ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். துணி ஒரு கைப்பிடி அளவுக்குக் கசங்கி, எத்தனை தேய்த்தும் போகாத மடிப்போடு இருந்தது. அவள் அந்த மடிப்பில் முகத்தை வைத்து அழுதாள்.

"இத்தனை நாளும் அங்கயா நின்னுக்கிட்டு இருந்தே? கால் வலிக்கலையா கண்ணு?"

பயம் துளியும் இல்லை. சந்தோஷம்தான், நெஞ்சை அடைக்கிற சந்தோஷம். பனியிலும் மணலிலும் முள்ளிலும், செருப்பில்லாத ஒரு காலோடு, வாய் திறக்காமல் பின்னாலேயே நடந்திருக்கிறாள். அவர் இன்று வந்ததும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு தடவை திரும்பி, "சரி, வா" என்று சொல்லுங்க, போதும். அவள் பூப்போட்ட துண்டை எடுத்து நாற்காலிமேல் போட்டாள். பாலை அடுப்பில் வைத்தாள். சர்க்கரையை இரண்டாவது தடவை போட்டபோது தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் வருவதற்குள் மகளை இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்ற ஆசையில் அவள் போன முதல் வருடத்தைத் தாண்டி, பிந்தின வருடங்களின் படங்களைத் திறந்தாள்.

இரண்டாம் வருடத்துப் படங்களில் பார்வை கொஞ்சம் உயர்ந்திருந்தது. வளர்ந்திருக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. சுவரில் பென்சிலால் கோடு போடுவதை அவர்கள் நிறுத்தி எத்தனை காலமாகிறது. மூன்றாம் வருடத்தில் இன்னும் உயரம். உட்கார்ந்தவரின் தலைக்கும் மேலே. அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகமில்லையா?

கை மெதுவாக அடுத்த படத்துக்குப் போனது.

ஓநாய்க் கூட்டம். எல்லா வால்களும் கால்களுக்கு இடையில். இதற்கும் ஒரு கதை சொல்லியிருந்தார். "என்னைப் பார்த்து ஓநாய் பயப்படுதுன்னா பார்த்துக்கோ." அடுத்தது ஒரு கரடி. எதிரே வந்த கரடி, பின்னங்கால்களில் எழுந்து நின்று, பின்வாங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நின்ற கரடியும் அண்ணாந்துதான் பார்த்தது.

அவள் பாலை இறக்க மறந்திருந்தாள். பொங்கி வழிந்து அடுப்பில் கருகிய வாசனை வீடு முழுக்கப் பரவியது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள்.

கடைசிப் படம் சென்ற வாரத்தது. புல்வெளியில் காட்டுக் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் ஓடவில்லை. முன்கால்களை மடக்கிக் கீழே விழுந்து கிடந்தது. அதன் கண், ராத்திரி ஜன்னல் கண்ணாடி மாதிரி கறுப்பாக, ஈரமாக, படத்தின் நடுவில் இருந்தது. அவள் கண்ணைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கண்ணின் வளைவில் வானம் தெரிந்தது. மண்டியிட்ட ஆள் ஒருவர், சின்னதாக.

அவருக்குப் பின்னால் ஒன்று நின்றது.

ஒல்லியாக. நெடுக. தலை முன்பக்கம் தொங்க. ஒரு கை மட்டும் கீழே இறங்கி, இறங்கி, அவர் சட்டை நுனி வரைக்கும் வந்திருந்தது.

அவள் திரையை மூடினாள்.

மேஜைக்கு அடியில் மேனேஜர் விழித்துக்கொண்டது. குரைக்கவில்லை. காதுகள் மட்டும் கதவுப் பக்கம் திரும்பின. கீழே மாடிப்படியில் அவருடைய பூட்ஸ் சத்தம். பை சுவரில் உரசும் சத்தம். ஒரு படி. நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் வேறொரு சத்தம். ஈரத்துணியைத் தரையில் வைப்பதுபோல. மறுபடி பூட்ஸ். மறுபடி ஈரம்.

ஆற்று வாசனை வந்தது. சேறு, அழுகிய இலை, பாசி. கருகிய பாலையும் தாண்டி வந்தது.

மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். அவர் நின்றார். தாடி நரைத்து, கண் குழிந்து, அவளைப் பார்த்துச் சிரித்தபடி. பின்னால் மாடிப்படி விளக்கு எரியவில்லை. இருட்டு மட்டும்தான் இருந்தது.

"என்னம்மா, என்னத்தைக் கருக விட்டே?"

சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. திரும்புங்க. ஒரு தடவை. உங்க பொண்ணு நிக்கிறா. வாயைத் திறந்தாள்.

"திரும்பாதீங்க," என்றது அவள் வாய். "உள்ள வாங்க. சீக்கிரம் வாங்க."

அவர் உள்ளே வந்தார். வழக்கம்போல, பார்க்காமலே, குதிகாலால் கதவைத் தள்ளிச் சாத்தினார். ஏதோ துணி கிழிந்த சத்தம் கேட்டது. அவள் பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

அவர் பையை இறக்கிவிட்டுத் தோளை உருட்டிப் பார்த்துக்கொண்டார். "அப்பாடா. எவ்வளவு நாள் ஆச்சு, இப்பதான் முதுகு லேசா இருக்கு," என்றபடி குளியலறைக்குப் போனார். அவர் முதுகில் சட்டை நுனி ஒரு கைப்பிடி அளவுக்குக் கிழிந்து போயிருந்தது. குழாயைத் திறக்கும் சத்தம். உள்ளே மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவர் பாடிப் பல வருடம் ஆயிற்று.

அவள் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். தப்பித்தோம் என்று உடம்பு சொன்னது. அப்புறம்தான் உறைத்தது. யாரை வெளியே வைத்துச் சாத்தினோம் என்று உறைத்தது. உலகம் பூராவும் நடந்து, அப்பாவின் சட்டையை விடாமல், ஒருவழியாக வீட்டு வாசல் வரைக்கும் வந்த பிள்ளை.

கதவை யாரும் தட்டவில்லை. வாலு தட்ட மாட்டாள். மணியும் அடிக்க மாட்டாள்.

மேனேஜர் வந்தது. உடம்பெல்லாம் நடுங்க, வயிறு தரையில் தேய, வேண்டாம் வேண்டாம் என்று முனகிக்கொண்டே வந்தது. வந்து, பழைய வழக்கப்படி, முன்னங்காலைக் கதவுக்கு அடியில் நீட்டியது.

கால் மெதுவாக மேலும் கீழும் அசைந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. நாய் காலை இழுத்தது. வரவில்லை. மறுபடி இழுத்தது. கீச்சென்று கத்தியது.

அவள் மண்டியிட்டாள். அவளிடமிருந்து ஒரு குரல் வந்தது, தலை பின்னும்போது பேசுகிற அந்தப் பழைய குரல்.

"விடு கண்ணு. அதுக்கு வலிக்குது பாரு."

உடனே விட்டது.

நாய் ஓடிப்போய் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டது. தாழ்ப்பாள் அவள் தலைக்கு மேலே, கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. இரண்டே வார்த்தை. அவள் பெற்றவள்தானே, அவளும் சொல்லலாம். அவள் கை தாழ்ப்பாள்வரை போனது. அங்கேயே நின்றது.

கதவுக்கு அடியில், அந்த இடைவெளி வழியாக, ஒரு கை உள்ளே வந்து தரையில் படிந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. விரல்கள் அவள் முழங்கால்வரை நீண்டிருந்தன. நகங்களில் ஆற்றுச் சேறு. மணிக்கட்டில், ஆறு வயதுக்கு அளவெடுத்துக் கட்டிய நீலப் பாசிமணி, வளர்ந்த சதைக்குள் பாதி புதைந்து, இரட்டை முடிச்சு அவிழாமல் இருந்தது.

கை அசையவில்லை. விரித்தபடியே காத்திருந்தது.