ஃபோகஸுக்கு வராத நட்சத்திரம்

மெக்கானிக் அந்த மொட்டை மாடிக்கு ஏறி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கேமரா, டெலஸ்கோப் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. கூப்பிட்டிருந்த அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான். தார்ப்பாயை விலக்கி, தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல டெலஸ்கோப்பைத் தொட்டார்.

"ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது தம்பி. எல்லா நட்சத்திரமும் ஊதிப்போய்த் தெரியுது."

"போட்டோ எடுக்கிறது நீங்களாம்மா?"

"என் பொண்ணு. ஒரு படத்தைப் பாதியில விட்டுட்டுப் போய்ச் சேந்துட்டா. அதையாவது முடிச்சு வெக்கணும்."

அவன் லேப்டாப்பை மாட்டி ஓட்டிப் பார்த்தான். ஃபோகஸைச் சரிசெய்யும் குமிழை மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். ஒவ்வொரு இடத்திலும் கேமரா ஒரு படம் எடுக்கும். நட்சத்திரம் எங்கே மிகச் சிறியதாகத் தெரிகிறதோ அங்கே நிற்க வேண்டும். ஆனால் திரையில் நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி வந்து, புள்ளியாகப் போகிற சமயம் பார்த்து, மறுபடியும் வெளிறிய வளையமாக விரிந்தது.

"இந்த மோட்டாரை எப்பம்மா மாட்டினீங்க?"

"கடைசியில. தலைக்குள்ள கட்டி தம்பி அவளுக்கு. முதல்ல கண்ணைத்தான் பிடுங்கிக்கிச்சு. அப்பவும் மாடிக்குக் கூட்டிட்டுப் போம்மான்னு ஒரே அடம். அவ திருப்புவா, நான் திரையைப் பாத்துச் சொல்லுவேன். அப்புறம் கையிலயும் தெம்பு போச்சு. அதுக்குத்தான் மோட்டார்." டெலஸ்கோப்பை ஒருமுறை தடவிவிட்டுக் கேட்டார்: "மோட்டார்லதானே கோளாறு? வேற ஒண்ணும் இல்லியே?"

டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் குரல் அது.

அவன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். மோட்டாரையும் குமிழையும் பிணைக்கிற ஸ்க்ரூ தளர்ந்திருந்தது.

"இதாம்மா. மோட்டார் சுத்துது, குமிழ் வழுக்குது. வெறும் ஸ்க்ரூ."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

"ஸ்க்ரூவா? பாவி, நான் என்னென்னமோ நினைச்சிட்டேனே!"

ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு ஓட்டினான். நட்சத்திரம் ஊசி முனையாக வந்து நின்றது. கருவிப் பையை மூடப் போனான்.

நட்சத்திரம் ஊதத் தொடங்கியது.

"எதையாவது அமுக்கினீங்களாம்மா?"

"நான் தொடவே இல்லையே."

மோட்டாரின் மின்சார வயரைப் பிடுங்கினான். ஊதுவது நிற்கவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி மோட்டாரையே தனியாக எடுத்துவிட்டான். அது அவன் உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது.

குமிழ் திரும்பியது.

காற்று இல்லை. எங்கிருந்தோ ஆஸ்பத்திரி வார்டின் மருந்து நெடி வந்து கவிந்தது. குமிழ் கொஞ்சம் முன்னால் போனது, தயங்கியது, பின்னால் வந்தது. மறுபடி முன்னால். இருட்டில் சாவித் துவாரத்தைத் தேடுகிற கை அப்படித்தான் தேடும்.

அவன் எட்டிக் குமிழைப் பிடித்தான்.

அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

மெலிந்த, சில்லிட்ட விரல்கள். கையை உதறிக்கொண்டு சுவர் வரை பின்னால் போனான்.

"மோட்டார் கோளாறு இல்லியா தம்பி?" அந்த அம்மா கிசுகிசுத்தார்.

பொய் சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா."

"அப்போ அவளுக்கு இன்னும் கண்ணு தெரியல." அவர் குரல் உடைந்தது. "செத்த பிறகாவது தெரியும்னு இருந்தேன். அங்கயும் இருட்டுதானா என் கண்ணுக்கு?"

எழுந்து போய்க் குமிழின் மேல் தன் கையை வைத்தார். கையை எடுக்கவில்லை.

"அம்மாதாண்டி. பயப்படாதே. கொஞ்சம் உள்பக்கம்... இன்னும் துளி... தாண்டிட்டே, திரும்பி வா... ஆங். போதும். அங்கயே வை."

திரையில் எல்லா நட்சத்திரங்களும் புள்ளியாக நின்றன. குமிழ் அசையவில்லை. மெக்கானிக் கூலியும் கேட்காமல், சாமான்களை அள்ளிக்கொண்டு படியிறங்கினான். தெருமுனை வரை அந்தத் தாயின் கொஞ்சல் அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சில நாள் கழித்துப் பகலில் கடைக்கு போன் வந்தது.

"தம்பி, படம் முடிஞ்சுது! டெலஸ்கோப்பைத் தொடைச்சுப் பெட்டியில வெச்சு மூடிட்டேன். அதுக்கப்புறம் எந்த அசைவும் இல்ல. அவளுக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சு தம்பி, நிம்மதியாப் போயிட்டா. நானும் நேத்துதான் ராத்திரி முழுக்கத் தூங்கினேன்."

"சந்தோஷம்மா," என்றான். உண்மையாகவே நெஞ்சு லேசானது.

அப்போதுதான் அந்தப் பக்கம், போனுக்கு மிக அருகில், வறண்ட தொண்டையோடு ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா... லைட்டைப் போடேன்."

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? கேக்குதா?" என்று அந்த அம்மா சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.