ஊசி இறங்கும் இடம்

ஊசி உடைந்தது மேகலாவுக்குப் பெரிய விஷயமில்லை. அதன் முனை எங்கே போனது என்பதுதான் மனதை அரித்தது. ஆறு வருஷம் கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் லைனில் உட்கார்ந்தவள். அங்கே ஊசி உடைந்தால் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள்; ஒரு துண்டு குறைந்தாலும் தைத்த துணி மொத்தமும் நின்றுவிடும், சூப்பர்வைசர் வாயில் விழுந்து எழ வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் முட்டி போட்டுத் தேடினாள். தண்டு கிடைத்தது, நடுத்துண்டு கிடைத்தது. முனை மட்டும் இல்லை. காலையிலிருந்து மூன்று ஊசி உடைந்தாயிற்று, மூன்றுக்குமே முனை இல்லை.

பாயில் படுத்திருந்த கணவன் ரத்தினவேல் காலில் அது ஏறிவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. நைட் ஷிப்ட் முடித்து வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கினான். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டின் அந்த ஒற்றை அறையில், வெயிலை மறைக்க ஜன்னலில் கட்டிய பழைய சேலை வழியாக மங்கலான சிவப்பு வெளிச்சம் வந்தது; பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ போனில் கன்னடத்தில் சண்டை பிடிப்பது கேட்டது. கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் நின்று நின்று, தூக்கத்திலும் அவன் கை வெட்டி வெட்டி இழுக்கும், தொண்டையில் ஒரு முனகல் வரும். இன்று அது கொஞ்சம் அதிகம். தையலில் கால் ஊன்றிவிட்டால் இந்தப் பாவி மனுஷனை நைட் ஷிப்டிலிருந்து மீட்டுவிடலாம் என்ற ஒரே ஆசையில்தான், குருபரப்பள்ளி ரோட்டோரப் பழைய இரும்புக் கடையில் அந்தக் கறுப்பு மிதிமெஷினை அவள் வாங்கினாள்.

ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே அது அவன் உள்ளங்கையைக் கிழித்தது. துணியை நகர்த்தும் பல்லுக்குள் ரத்தம் இறங்கியது. "ரத்தம் குடிச்சிருச்சு புள்ள, இனிமே ஜோரா ஓடும் பாரு," என்று சிரித்தான். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தும் அந்த ஈர இரும்பு வாசம் போகவில்லை.

பழைய கம்பெனி மெக்கானிக் மாடசாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, ஊசி ஓட்டைக்குள்ள எறங்கல. எடதுபக்கம் தகட்டுல குத்தி உடையுது."

"ஊசியோட தட்டைப்பக்கம் சரியா வச்சிருக்கியாம்மா?"

"வச்சிருக்கேண்ணே. தகடும் டைட்டாத்தான் இருக்கு."

"அப்ப ஊசி மாட்டுற ராடு திரும்பியிருக்கும். பக்கத்து மூடியக் கழட்டு. ராடப் புடிச்சிருக்க ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, ஊசி நடுவுல எறங்குற மாதிரி திருப்பி வையி."

மூடியைக் கழற்றியவள் திகைத்தாள். அந்த ஸ்க்ரூவின் தலையை யாரோ சுத்தியலால் அடித்து நசுக்கியிருந்தார்கள். திருப்பவே முடியாதபடி, வேண்டுமென்றே.

"எந்தக் கிறுக்கன் செஞ்ச வேலையோ. பிளேயரால புடிச்சுத் திருப்பும்மா. நான் லைன்லயே இருக்கேன்."

கணவனின் பிளேயரை எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கிரீச்சென்று இளகியது. ராடைச் சரிசெய்து இறுக்கி, நான்காவது ஊசியை மாட்டினாள். சக்கரத்தைக் கையால் சுற்றியபோது ஊசி எதிலும் படாமல் துளையின் நடுவே வழுக்கி இறங்கியது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கிளிப்பச்சை நூலைக் கோத்து, ஓரம் அடிக்க வந்திருந்த சேலையை வைத்து மிதித்தாள்.

எவ்வளவு சுகமான ஓட்டம்! நூல்கண்டு சுழன்றது. ஊசி சேலைக்குள் இறங்கி ஏறியது. பின்பக்கம் வந்த சேலையை இழுத்துப் பார்த்தாள்.

தையல் இல்லை. ஒரு துளைகூட இல்லை.

நூல்கண்டு பாதி கரைந்திருந்தது. அத்தனை நூலும் எங்கே போனது?

"மேகலா..." பாயிலிருந்து ஒரு குரல். அவன் புரண்டான். போர்வை விலகியது.

உள்ளங்கைக் காயத்திலிருந்து கிளிப்பச்சையாய் ஒரு தையல் புறப்பட்டிருந்தது. மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, தோலைச் சுருக்கி இழுத்துக்கொண்டு மேலே போனது. ஒவ்வொரு தையலிலும் ஒரு பொட்டு ரத்தம். நெஞ்சில் மூன்று இடத்தில் தோல் கறுத்து வீங்கியிருந்தது. ஒன்றில் மட்டும் இரும்பு மினுங்கியது.

முனைகள்.

காலை எடுத்தாள். மிதி நிற்கவில்லை. பெல்ட்டை இழுத்து அறுத்தாள். சக்கரம் நிற்கவில்லை. சேலையை உருவினாள். வெறும் தகட்டில் ஊசி இறங்கியது, ஏறியது, இறங்கியது.

தோள். கழுத்து. தாடை.

அலற வாய் திறந்தான். ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை, நூல் மட்டும் தெரிந்தது. கீழுதடு. மேலுதடு. மறுபடி கீழுதடு. வாய் மூடிக்கொண்டது. அலறல் மூக்கு வழியாக வந்தது. கால்கள் தரையை உதைத்தன. ரத்தம் காது வரை வழிந்தது.

பிளேயரை ஓங்கினாள். ஊசியை உடைத்துவிட்டால் நின்றுவிடும்.

உடைத்தால் முனை?

தையல் உதட்டைவிட்டுத் தொண்டைக் குழிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிளேயரைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தாள். இரும்பு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு சுழன்றது. விடவில்லை. நெஞ்சை அதன்மேல் சாய்த்து அழுத்தினாள்.

நின்றது.

ஊசி கீழே இருந்தது. முழுசாக உள்ளே.

அவன் தொண்டைக்குழி நடுவே தோல் ஒரு புள்ளியாய் உள்வாங்கியிருந்தது. அவன் அசையவில்லை. அசையக் கூடாதென்று தெரிந்திருந்தது. கண்கள் மட்டும் அவளையே பார்த்தன. சக்கரத்தைக் கொஞ்சம் விட்டாலும் ஊசி ஏறும், ஏறினால் அடுத்தது இறங்கும்.

மேஜையில் கிடந்த போனில் கம்பெனி லைனின் இரைச்சல். அதற்கு நடுவே மாடசாமி கத்தினார்.

"ஏம்மா, இங்க ஒண்ணும் சரியாக் கேக்கல. மெஷின் சத்தம் நின்னுருச்சே, சரியாயிருச்சா? கைய எடுத்துட்டு ஒருதரம் ஓட விட்டுப் பாரு."

கைகளில் ரத்தம் பிசுபிசுத்தது. உரிந்த உள்ளங்கைகளுக்குள், சக்கரம் மெதுவாக அவள் பக்கமாக, தைக்கும் திசையிலேயே, வழுக்கத் தொடங்கியது.