வெள்ளிக்கிழமை நிகழ்வு

சனிக்கிழமை காலை, சுவரில் 41 என்று எண் தெரிந்தது. வைகுண்டத்துக்கு வயிறு எரிந்தது.

மனைவியின் எண் இறங்கினால் கட்டிய புருஷன் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. எட்வின் வந்துபோன நாள். வயிறு எரிய அது போதாதா?

மனைவி தங்கபுஷ்பத்தின் இடது கையில், தோலுக்கடியில், உளுந்தம்பருப்பு அளவில் ஒரு குருதியொற்றன் இருந்தது. நாக்கில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கிவிட்ட புற்று, நான்காம் நிலை. பாதி நாக்கை எடுத்ததில் பேச்சும் போயிற்று. மிச்சமிருந்த புற்று தன் மரபுத்துணுக்குகளை இரத்தத்தில் சிந்திக்கொண்டிருந்தது. ஒற்றன் தினமும் காலையில் அவற்றை எண்ணி, வீட்டுச் சுவருக்கும் மருத்துவமனைக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். பொருத்திய அன்றே டாக்டர் மெஹருன்னிசா, "தினசரி எண்ணைப் பாத்து மனசைக் குழப்பிக்காதீங்க. அலை எப்படிப் போகுதுன்னு நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லியிருந்தார்.

யார் கேட்டார்கள்? தூத்துக்குடியில் தெருவுக்கு மூன்று வீட்டில் இப்படி ஒரு சுவர் இருந்தது. எண் என்ன என்று கேட்டவர்கள் அத்தோடு விடவில்லை, முந்தின நாள் யார் வந்தார்கள் என்றும் கேட்டார்கள். எண் இறங்கினால் வந்தவருக்குக் கைராசி. ஏறினால் அந்த ஆளை அடுத்த தடவை வாசலோடு அனுப்பினார்கள்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மா சுவரைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எட்வின் சார் கைராசியே ராசிக்கா. நேத்து வந்தாக, இன்னைக்கு நாப்பத்தொண்ணு. அண்ணாச்சி, நீங்க கோவிச்சுக்கிடாதிய. உங்க கையால மருந்து குடுத்தா மட்டும் மறுநாள் நூத்தித் தொண்ணூறுக்குப் போயிருது."

வைகுண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கேழ்வரகுக் கஞ்சியை அரைத்து, இருமுறை வடிகட்டி, வயிற்றுக்குழாயில் ஊற்றுவது இவர். கழுத்துப் புண்ணைத் துடைத்துக் கட்டுவது இவர். திங்கள்தோறும் புற்றுமருந்தைக் குழாயில் ஏற்றுவதும் இவர்தான். செவ்வாய் காலை எண் விறுவிறுவென்று ஏறும். பிறகு நாளுக்கு நாள் தேய்ந்து, வெள்ளி சாயங்காலம் அந்த மகராசன் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போனதும் அடிமட்டத்துக்கு வந்துவிடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி முப்பது வருடம் பாரம் தூக்கினவருக்கு இந்த ஒரு எண்ணைத் தூக்கிக் கீழே வைக்கத் தெரியவில்லையாம்!

எட்வினும் தங்கபுஷ்பமும் குடிநீர் வாரியக் கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வரும்போது மரிக்கொழுந்து கொண்டுவருவார். சாப்பிட முடியாதவளுக்கு மணம் போதுமே என்பது அவர் கணக்கு. அப்புறம் அலுவலகக் கதை. தங்கபுஷ்பம் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். வெள்ளிக்கிழமை மட்டும் சேலைக்குப் பொருத்தமாகத் துண்டு எடுப்பாள். அதை அடுக்களையிலிருந்து பார்த்தபடி வைகுண்டம் மிக்ஸியைத் தேவையில்லாமல் ஓட்டுவார். இரண்டு பேர் பேசுவது கேட்கக் கூடாதாம்.

அந்தச் சனிக்கிழமைதான் அவருக்குப் புத்தி கோணலாக வேலை செய்தது. மருந்து போன மறுநாள் எண் ஏறுகிறது. ஏறட்டும். அந்தப் பழி தன் தலையில் ஏன் விழ வேண்டும்?

திங்கள் வந்தது. மருந்தை எடுக்கவில்லை. சுவரில் இருந்த மருந்துப் பதிவில் மட்டும் 'கொடுத்தாயிற்று' என்பதைத் தொட்டார். வெள்ளி மத்தியானம், எட்வின் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னால், குழாயில் ஏற்றினார். தங்கபுஷ்பம் புருவத்தைத் தூக்கினாள். "நாள் மாத்தியிருக்காங்க" என்றார் முகத்தைப் பார்க்காமல்.

சனி காலை 187.

"என்னக்கா இது, சார் வந்த மறுநாளா?" என்று பேச்சியம்மா திகைத்தாள். வைகுண்டம் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. தெரு எட்வினைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாலாவது வெள்ளி எட்வின் மரிக்கொழுந்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார். "அண்ணாச்சி, என் ராசி சரியில்ல போல. இனிமே வரல. தங்கம் நல்லாருந்தாப் போதும்."

தங்கபுஷ்பத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. வைகுண்டம் தான் எதிர்பார்த்த சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தார். அது வரவில்லை.

அந்த நேரம் சுவரில் டாக்டர் மெஹருன்னிசா தோன்றினார்.

"ஒரு முக்கியமான விஷயம். திங்கள் மருந்து வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. முன்னாடியெல்லாம் செவ்வாய்க்கிழமை எண் நல்லா ஏறும். நாலு வாரமா ஏறவே இல்ல."

"ஏறாட்டி நல்லதுதானே, டாக்டரம்மா?" என்றார் எட்வின்.

"இல்லங்க. மருந்து பட்ட புற்றணு செத்து உடையும். உடைஞ்சா துணுக்கு இரத்தத்துல கொட்டும். மறுநாள் எண் ஏறும், அப்புறம் வடியும். உங்க வீட்டுல ஏறினா நல்லதுன்னு அர்த்தம்."

வைகுண்டம் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தனை செவ்வாய்க்கிழமைகளும் அவருடையவை! தெருவே உச்சுக்கொட்டிய ஒவ்வொரு நூற்றித் தொண்ணூறும் அவர் கையால் செத்த புற்று.

"ஆனா ஒரு அதிசயம்," டாக்டர் தொடர்ந்தார். "இப்பல்லாம் சனிக்கிழமை ஏறுது. மருந்தே இல்லாம உடம்பே புற்றைக் கொல்லுது. வெள்ளிக்கிழமை என்ன நடக்குது உங்க வீட்டுல?"

தங்கபுஷ்பம் எழுதுபலகையை எடுத்தாள். கண் பளபளக்க எழுதித் தூக்கிக் காட்டினாள்: 'எட்வின் சார் வருவார்.'

எட்வின் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். திரையின் ஓரத்தில் மருத்துவமனையின் தீர்ப்பி, எந்த மருந்து யாருக்கு என்று முடிவு சொல்லும் இயந்திரம், பலகையில் இருந்ததைப் படித்துத் தன் முடிவை எழுதியது: 'திங்கள் மருந்தை நிறுத்துக. வெள்ளிக்கிழமை நிகழ்வைத் தினமும் தொடர்க.'

"தீர்ப்பி சொல்றதைத்தான் நானும் செய்யணும்," என்றார் டாக்டர். "மருந்தை இன்னையோட மூடிடறேன்."

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் தங்கம் போய்விடுவாள்.

"மூடாதீங்க!" என்று கத்தினார். "மருந்து வேலை செய்யுது. நான்தான் திங்கள் குடுக்காம வெள்ளிக்கிழமை குடுத்தேன். பொய்யாப் பதிஞ்சேன்."

தீர்ப்பி உடனே கேட்டது: 'காரணம்?'

வைகுண்டம் எட்வினைப் பார்த்தார், மரிக்கொழுந்தைப் பார்த்தார்.

"பொறாமை," என்றார். "எழுதிக்கோ."

டாக்டர் திட்டினார். நாலு நாள் மருந்து தள்ளிப்போனதற்கும் சேர்த்துத் திட்டினார். மருந்து திங்களுக்கே திரும்பியது. கூடவே தீர்ப்பி ஒரு நிபந்தனை போட்டது: மருந்து கொடுப்பவரை நம்ப முடியாததால், இனி அவர் கையிலும் ஓர் ஒற்றன். அது மனக்கொதிப்புச் சுரப்பை நிமிடத்துக்கு நிமிடம் எண்ணும்.

இப்போது சுவரில் இரண்டு எண்கள். பேச்சியம்மா காலையில் அக்காவுடையதைப் பார்க்க வருகிறாள், வெள்ளி சாயங்காலம் அண்ணாச்சியுடையதைப் பார்க்க வருகிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பழையபடி வரத் தொடங்கிவிட்ட எட்வின் வாசல் மணியை அடித்தார். வைகுண்டத்தின் எண் 60-இலிருந்து 95-க்குப் போயிற்று. தங்கபுஷ்பம் சேலைக்குப் பொருத்தமான துண்டை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, சாவகாசமாகத் தலை சீவினாள். 140. மரிக்கொழுந்தை வாங்கிக் காதோரம் வைத்தாள். 210.

"ஏட்டி, வேணும்னே செய்யுத," என்றார் வைகுண்டம்.

அவள் எண்ணைப் பார்த்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் 'உன்மேல் ஆசை' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லாத மனுஷன். பலகையை எடுத்து எழுதினாள். எட்வினுக்குக் காட்டவில்லை, இவருக்கு மட்டும் காட்டினாள்.

'ஏறினா நல்லது.'