வேண்டாத வட்டி

ஜரிகைக் கடையின் மாடிப்படி அடியில் ஜைபுன்னிசா கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

பக்கத்தில் அக்கா மகன் அன்சார். சட்டையெல்லாம் ரத்தம். கையில் விலங்கு.

"காசு கேட்டுத் தள்ளிட்டான் மேடம். காலையிலகூட சண்டையாம்," என்றார் விமல்ராஜ். பேங்க் உதவி மேலாளர். ஜைபுன்னிசாவின் கணக்கைக் கவனித்தவர். சாவுச் செய்தி கேட்டு முதல் ஆளாக ஓடி வந்தவர்.

"நான் வந்தப்பவே காலா கெடந்தாங்க மேடம். தூக்கிப் பாத்தேன், அவ்ளோதான்." சின்னம்மாவை அன்சார் அப்படித்தான் கூப்பிடுவான்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. புதுசா யோசிப்பா," என்றாள் எஸ்.ஐ. ஜீவிதா.

"சரி, என்னை உள்ள போடுங்க. காலா கணக்குல ஏறின வட்டியை மட்டும் அடக்கத்துக்குள்ள தனியா எடுத்துடுங்க."

ஜீவிதாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பொணம் கெடக்குது, உனக்கு வட்டியா?"

"அது எங்களுக்கு ஹராம் மேடம்..."

"அதான் தொடவே மாட்டாங்களே!" விமல்ராஜ் குறுக்கே புகுந்தார். "எவ்ளோன்னுகூடக் கேக்க மாட்டாங்க மேடம். இந்தத் தெருவுல யாருமே கேக்க மாட்டாங்க."

"யார் சொன்னது சார்? வேணாங்கறதாலதான் பைசா விடாம எண்ணிப் பிரிப்பாங்க. சோத்துல கலந்துடக் கூடாதுல்ல? மூணு வருஷமா உடம்பு முடியாம இருந்தாங்க. இன்னிக்கு மொத்தமா எடுக்கணும், பேங்க் சாரை வரச் சொல்லியிருக்கேன்னாங்க."



ஜீவிதா மெல்லத் திரும்பினாள்.

"வந்தீங்களா சார்?"

"நா... நானா?"

"பரவாயில்ல. வட்டி எவ்ளோ இருக்குதுன்னு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேளுங்க. ஸ்பீக்கர்ல."

விமல்ராஜ் போனை எடுத்தார்.

அடுத்த நொடி... போன் தரையில். விமல்ராஜ் வாசலில்!

கான்ஸ்டபிள் குமரன் அலட்டிக்கொள்ளாமல் காலை நீட்டினார். விமல்ராஜ் குப்புற விழுந்தார்.

"யாரும் கேக்காத காசு மேடம்..." மண்ணைத் துப்பினார். "பத்து வீட்டு வட்டி, சும்மாதானே கெடக்குதுன்னு எடுத்தேன். இந்தம்மா கேட்டுட்டாங்க. புகார் குடுப்பேன்னாங்க. தள்ளிட்டேன்..."

அன்சாரின் விலங்கு கைமாறியது.

"உங்க காலா அந்தக் காசை என்னப்பா பண்ணுவாங்க?"

"பள்ளிவாசலுக்குக்கூட ஆகாது மேடம். பொதுக் கக்கூஸ் கட்டக் குடுத்துடுவாங்க."

ஜீவிதா விமல்ராஜை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேங்க் வேலைக்குப் படிச்சுட்டு... கக்கூஸ் காசையா சார் தின்னீங்க?"