நடு இல்லாத மரம்

அந்தத் துண்டு விளக்குமாற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அக்காவுக்குத் தங்கைமேல்தான் கோபம் வந்தது. உலர்த்தும் அறைக்குள் நுழைந்து கண்டதையும் தொடுவது, தொட்டதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போவது எல்லாம் அந்த வாயாடியின் வேலை. மதியம் அக்கா தன் கையால் கம்பியில் கிளிப் போட்டுத் தட்டையாகத் தொங்கவிட்ட வெனீர் துண்டு அது. மரத்தைக் காகிதம் போலச் சீவி எடுத்த தகடு. கிளிப்புகள் இப்போது கம்பியில் சும்மா தொங்கின. துண்டு மூலையில் சாய்த்து வைத்திருந்த விளக்குமாற்றின் கழியில் ஏறி இறுகியிருந்தது. கீழே விழுந்தது சரி, விழுந்தது மூலைவரைக்கும் நடந்தா போகும்?

"அடியே, உலர்த்துற ரூமுக்கு வந்தியா நீ?"

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினின் சத்தம் நின்றது. "நானா? காலையிலேர்ந்து இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்கவே இல்லை. என் இடுப்பைக் கேட்டுப் பாரு, அது சொல்லும்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அக்கா துண்டைப் பிரிக்க நகத்தால் ஓரத்தைத் தேடினாள். ஓரம் அகப்படவில்லை. கழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாமல், கழி கொஞ்சம் பருத்துவிட்டதுபோல் வழவழவென்று இருந்தது. மழைக்காலம், காற்றில் ஈரம் அதிகம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே ஒட்டவில்லை.

மரத்தைத் துணியாக்குவது அவர்கள் தொழில். கிளிசரின் கலந்த வெந்நீரில் தகட்டை ஊறவைத்து, காகிதங்களுக்கு நடுவில் அழுத்தி, சூடு காட்டி, ஒரு பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணியை ஒட்டினால், மரம் தன் முறுக்கையெல்லாம் விட்டுவிட்டுச் சேலைத் தலைப்பு மாதிரி மடங்கும். பதப்படுத்துவது அக்கா, தைப்பது தங்கை. இதுவரை பைகளும் விளக்கு மூடிகளும்தான் செய்தார்கள். முழுக்க முழுக்க மரத்தாலேயே ஒரு கவுன் தைப்பது இதுதான் முதல் தடவை. நாளைக்குக் கண்காட்சி. தங்கையே அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நடக்கப் போகிறாள். அம்மா போன நாளிலிருந்து அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, காய்ச்சலுக்குக் கண்விழித்து வளர்த்தவள் அக்கா. மேடையில் அவளைப் பார்க்கப்போகும் பெருமையில் இரண்டு நாளாக அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை அவள் தங்கையிடம் சொல்லவில்லை.

மரத்தைச் சுழலவிட்டுக் கத்தியால் சீவும்போது பாய் பிரிவதுபோல் தகடு பிரிந்து வரும். அதில் வெளியே பார்த்திருந்தது பட்டைப் பக்கம், உள்ளே, மரத்தின் நடுவைப் பார்த்திருந்தது வைரப் பக்கம். எவ்வளவு பதப்படுத்தினாலும் தான் சுற்றியிருந்த வட்டத்தைத் தகடு மறக்காது, உள்பக்கமாகச் சுருளத்தான் பார்க்கும். அதனால் துணியை வைரப் பக்கத்தில் ஒட்டி அதைக் கட்டிப்போட வேண்டும். எது வைரப் பக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாது. காதருகே வைத்து வளைத்தால் அந்தப் பக்கம் மட்டும் அப்பளம் நொறுங்குவதுபோல் மெல்லப் பொரியும்.

இந்த மரம் பொரியவில்லை. இந்தப் பக்கம் வளைத்தாலும் சரி, அந்தப் பக்கம் வளைத்தாலும் சரி, ஊமை. அக்கா குத்துமதிப்பாக ஒரு பக்கத்தில் ஒட்டிவிட்டாள்.

மரத்தைச் சீவித் தந்த ஆலைக்காரர் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. "எந்த மரத்தைச் சீவினாலும் கடைசியில ஒரு உருட்டுக்கட்டை மிஞ்சும்மா. இதுல மிஞ்சலை. சீவச் சீவ வந்துக்கிட்டே இருந்துச்சு, கடைசியில பார்த்தா நடுவுல வெறும் காத்து. இந்த மரத்துக்கு நடுவே கிடையாது போங்க." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இவளும் சிரித்தாள்.

அறையில் ஏதோ வாசனை அடித்தது. கிளிசரினின் மந்தமான இனிப்பு அவளுக்குப் பழகியது. இது வேறு. அப்போதுதான் வெட்டிய கிளையில் கசியும் பாலின் பச்சை வாசனை. வெட்டி வருடக்கணக்கான மரத்துக்கு ஏது பால்? அலமாரியில் மிச்சமிருந்த பெரிய சுருளைப் பார்த்தாள். காலையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். கயிறு தளர்ந்து தரையில் கிடந்தது. சுருளின் வெளி முனை அலமாரியின் விளிம்பைத் தாண்டி, காற்றே இல்லாத அறையில், லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டக்.

சத்தம் நடைவழியிலிருந்து வந்தது. அங்கே தையல் பொம்மை நிற்கும், தலையில்லாத, கையில்லாத, அளவு பார்க்கிற உடம்பு. கவுனுக்கு அளவு பார்க்க இதே மரத்தகட்டில் நேற்று வெட்டிய மாதிரி ரவிக்கையை அதன்மேல்தான் மாட்டியிருந்தார்கள். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியே சாம்பல் நிறத்தில் விழுந்திருந்தது. பொம்மையின் நிழல் சுவரில் ஒல்லியாகத் தெரிந்தது. நேற்று இவ்வளவு ஒல்லி இல்லை. அக்கா கிட்டே போனாள். ரவிக்கை இருந்த இடத்தில் பொம்மைக்கு இடுப்பும் இல்லை, மார்பும் இல்லை. வழவழப்பான ஒரு உருளை இருந்தது. அதன் அடியிலிருந்து உடைந்த அட்டையும் பஞ்சும் பிதுங்கித் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தன.

தையல் மெஷின் சத்தம் எப்போது நின்றது?

"அக்கா!" தங்கையின் குரல் குதூகலமாக வந்தது. "வந்து பாரேன், போட்டுட்டேன்! கண்ணு வச்சிடாதே!"

"கழட்டு."

"என்னது?"

"கழட்டுடீ! உடனே கழட்டு!"

"இப்பத்தானே போட்டேன். நல்லாத்தான் இருக்கு, இடுப்புலதான் கொஞ்சம் பிடிக்குது." மரத்தில் விரல்கள் தடவும் சத்தம். "அக்கா, கொக்கி எங்கே இருக்குன்னு தெரியலை."

அக்கா ஓடினாள். தங்கை கண்ணாடி முன்னால் முக்காலிமேல் நின்றிருந்தாள். கழுத்தில் எப்போதும்போல் இஞ்ச் டேப். கவுன் அழகாக இருந்தது. அதுதான் கொடுமை. அத்தனை தையலும் மறைந்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே மரமாக, ஒரே ரேகையாக இருந்தது. முதுகில் கொக்கி வைத்த இடத்தை அக்காவின் விரல்கள் தேடின. வெறும் மரம்தான் இருந்தது.

"மூச்சு முட்டுது, அக்கா."

கத்தரி வழுக்கியது. கத்தி வழுக்கியது. தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். ஊறவைக்கும் தொட்டியிலிருந்து சுடுநீரை மொண்டு வந்து ஊற்றினாள். நனைந்தால் இளகும். இளகினால் பிரியும். இத்தனை காலமாக அப்படித்தான்.

மரம் குடித்தது. சொட்டுக்கூடத் தரையில் விழாமல் குடித்தது. பிறகு இளகியது. இளகி, கழுத்துப் பட்டையை மெல்ல மேலே நீட்டியது. தாடையைத் தொட்டது.

"நான்தான்," அக்கா அழுதாள். "பக்கம் மாத்தி ஒட்டிட்டேன்டீ. நான்தான்."

தங்கை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மரம் வாய்வரை வந்திருந்தது. கண்கள் மட்டும் அக்காவைப் பார்த்தன. சின்ன வயதில் காய்ச்சலில் பார்த்த அதே பார்வை.

பிறகு கண்களும் இல்லை.

பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். அக்கா திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. அலமாரிச் சுருள் நடைவழியில் பிரிந்து பிரிந்து வந்தது. அவள் காலை உரசியது. தாண்டியது. முக்காலியில் ஏறியது. சுற்றியது. ஒரு சுற்று. மறு சுற்று. அவள் நகத்தால் பிராண்டினாள். அறைந்தாள். பெயர் சொல்லிக் கத்தினாள். அது நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில் நின்றது.

அறையின் நடுவில் ஒரு மரம். நேரான, உருண்ட, முழு மரம். பச்சை வாசனை. அவள் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே, வெகு உள்ளே, பொரிகிற சத்தம்.

மரத்தில், இடுப்பு உயரத்தில், இஞ்ச் டேப்பின் வால் வெளியே தொங்கியது. அக்கா அதைப் பிடித்தாள். உள்ளிருந்து அது இழுபட்டது. கூட்டத்தில் தங்கை அவள் முந்தானையை இழுப்பாளே, அப்படி, சின்னதாக.

"இருக்கேன்டீ," என்றாள். "அக்கா இருக்கேன்."

மறுபடி இழுத்தது. டேப் குறைந்தது. விட்டால் அவள் போய்விடுவாள். அக்கா விடவில்லை. எண்கள் ஒவ்வொன்றாக மரத்துக்குள் போயின. அவள் விரல் நுனிகள் மரத்தில் முட்டின.

அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அது மெல்ல, துணிபோல, விலகிக் கொடுத்தது.