பதினெட்டாம் எண்

தாமிரபரணிக் கரையில் பேய்க்கு எண் கொடுத்து, கையோடு ரசீதும் வாங்கிய ஒரே மனிதர் அம்பலவாணன்தான். தச்சநல்லூர் டீக்கடையில் அவர் இதைச் சொல்லாத நாள் கிடையாது. கடையே சிரிக்கும். அன்று அவரோடு இருந்த கைலாசம் மட்டும், "கரண்டு கோளாறு வே" என்று முடித்துவிடுவார்.

நடந்தது தொண்ணூற்றெட்டு ஐப்பசியில். ஆவுடைநாயகம் பழைய நெல் வியாபாரி ஒருவரின் வீட்டை வாங்கிக் கம்ப்யூட்டர் சென்டர் ஆக்கியிருந்தார். முன்கூடத்தில் ஏழு மெஷின். பின்னால், ஜன்னலே இல்லாத நெல் அறையில் லினக்ஸ் சர்வர். அதை அமைக்கும் வேலை, டெலிபோன் ஆபீஸில் ரிட்டயரான அம்பலவாணனுக்கு. பேச்சுத்துணைக்கு அதே ஆபீஸ் கைலாசம்.

"ஒவ்வொரு மெஷினும் முழிச்சதும் 'எனக்கொரு எண் குடு'ன்னு கேக்கும். இந்தச் சர்வர் குடுக்கும். டிஹெச்சிபின்னா அவ்வளவுதான் வே," என்றார் அம்பலவாணன். " பதினொண்ணுல இருந்து பதினேழு வரைக்கும் ஏழே எண். ஒண்ணுகூட உபரி கிடையாது."

"உம்ம கஞ்சத்தனம் மெஷினுக்கும் ஒட்டிக்கிட்டாக்கும்!"

ஏழும் எண் வாங்கிக்கொண்டன.

மத்தியானம் மூன்று மணிக்கே மழை இருட்டியது. இருவரும் நெல் அறைக்குள் இருக்க, காற்றில் அதன் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. ஆவுடைநாயகம் முக்கூடல் போயிருந்தார். எவ்வளவு தட்டியும் யாரும் வரவில்லை. கரண்டும் போனது. பேட்டரியில் ஓடிய சர்வரின் திரை மட்டும் வெளிச்சமாக நின்றது.

அதில் புதிதாக ஒரு வரி.

எண் கேட்டு.

"முன்கூடத்துல ஏழும் செத்துக் கிடக்கு. யாரு வே கேக்கா?" கைலாசத்தின் குரல் இறங்கியது.

எண் இல்லை என்றது சர்வர்.

நனைந்த நெல்லின் புழுங்கல் வாடை எழுந்தது. கைலாசத்தின் பாதங்களைச் சுற்றி ஏதோ சரசரவென்று கொட்டியது. குனிந்து தடவினார். வெறும் தரை. ஆனால் காலைத் தூக்க முடியவில்லை.

மறுபடி கேட்டது. இல்லை.

கணுக்கால் வரை ஏறியது.

அம்பலவாணன் முன்கூடத்துக்குப் போகும் நெட்வொர்க் வயரைப் பிடுங்கி எறிந்தார். அப்போதும் கேட்டது. இல்லை.

ஆடுசதை.

"இங்கன நெல்லைத் தள்ளிவிட இறங்கினவன் ஒருத்தன் நெல்லுக்குள்ள முங்கி ஏறவே இல்லையாம் வே," என்றார் அம்பலவாணன், பைய.

மறுபடி கேட்டது.

முட்டு.

"ஒரு எண்ணைக் குடுத்துத் தொலையும் வே! என்னைய முழுசா மூடிரும்!"

அம்பலவாணன் கடைசி எண்ணான பதினேழைப் பதினெட்டாக மாற்றிச் சர்வரைத் திரும்ப ஓடவிட்டார். அது கேட்டது. இது பதினெட்டை நீட்டியது. அது ஏற்றது. உறுதி என்று கடைசி வரி விழுந்தது.

கால்கள் விட்டன. வெளித் தாழ்ப்பாள் மெல்ல விலகியது. முன்கூடத்தில் யாருமில்லை.

ஒரு வருடத்துக்கும் மேலாகச் சர்வரை யாரும் அணைக்கவில்லை. பதினெட்டு தவறாமல் தன் எண்ணைப் புதுப்பித்துக்கொண்டது. தொண்ணூற்றொன்பது மார்கழியில் ஆவுடைநாயகம் சென்டரை மூடி, சர்வரையும் அணைத்துவிட்டார்.

மறுநாளும் டீக்கடையில் அம்பலவாணன் அதே கதையை அவிழ்த்தார். "கழுத்து வரைக்கும் வந்துட்டுல்லா!"

கடை சிரித்தது.

"கழுத்தெல்லாம் இல்ல வே," என்றார் கைலாசம். "முட்டு வரைக்கும்தான் வந்துது."

சிரிப்பு நின்றது.

கைலாசம் வேட்டியைத் தூக்கினார். பாதத்திலிருந்தே தோலில் நெல்மணி நெல்மணியாகத் தடம் பதிந்திருந்தது, இப்போதுதான் அழுத்தியதுபோல.

"நடந்தது நெசந்தான். ஒரு வருசத்துக்கு மேல முட்டோட நின்னுது வே." வேட்டியை இன்னும் மேலே சுருட்டினார். "நேத்து சர்வரை அணைச்சதுல இருந்து ஏறுது."

தடம் இடுப்பைத் தொட்டிருந்தது.