காய்ந்த தொட்டியைச் சுற்றி ஆறு மான்கள்

செல்போன் அலறியபோது ஜெரூஷா மான்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கிழக்குத் தாம்பரம் வீட்டில், மேஜைமேல் லேப்டாப். அதில் நிறையப் படங்கள். மேடவாக்கத்தை ஒட்டிய காப்புக்காட்டில் அவள் மரத்துக்கு மரம் கட்டியிருந்த கேமராக்கள் தாமாகவே எடுத்தவை. ஆள் நடமாட்டம் கூடக்கூட மான்களின் பழக்கம் எப்படி மாறுகிறது? அதுதான் அவள் ஆராய்ச்சி.

மறுமுனையில் இன்ஸ்பெக்டர் தேவானந்தம்.

"எபி உங்க தம்பியாம்மா?"

"ஆமா சார். அந்தக் காட்டுல வாட்ச்சரா இருக்கான்."

"கொஞ்சம் கிளம்பி வாங்க."

லேப்டாப்பை மூடக்கூட இல்லாமல் கிளம்பினாள்...

காட்டுக்குள் இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையின் தெற்குக் கரையில் எபி மல்லாந்து கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. சட்டைப்பையில் பாதி தீர்ந்த பிராந்தி பாட்டில்.

குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று மூன்றே நாளில் எழுதி முடித்தார்கள்.

சர்ச்சில் கொடுக்கும் ஒரு மடக்குத் திராட்சரசத்தையே முகம் சுளித்து விழுங்குபவன் எபி! அம்மா யூனிஸ் அதற்குப் பிறகு சர்ச் பக்கமே போகவில்லை. பின் வரிசையில் யாராவது குசுகுசுத்தால் தன்னால் தாங்க முடியாது என்றாள்.

ஜெரூஷா அழவில்லை. அழவேண்டியவன் வேறு எவனோ ஒருவன். அவன் யாரென்றுதான் தெரியவில்லை.

எட்டாம் நாள், படங்களில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை. எபி செத்த நாள். காலை 6.42.

காட்டுக்குள் ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. கோடையில் வாரம் மூன்று நாள் சக்திவேலின் தண்ணீர் லாரி வந்து அதை நிரப்பும். கேட்டைத் திறக்கச் சொல்லி அவன் இரண்டு முறை ஹாரன் அடிப்பான். மனிதனின் இருமல் கேட்டாலே நூறடி ஓடும் மான்கள், அந்த ஹாரன் கேட்டால் மட்டும் தொட்டியடிக்கு ஓடிவரும். ஹாரன் கேட்காத நாளில் அந்த நேரத்தில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது.

படத்தில் தொட்டி காய்ந்து கிடந்தது.

சுற்றிலும் ஆறு மான்கள். ஆறும் பாதையைப் பார்த்தபடி... அடுத்தடுத்த படங்களிலும் அப்படியே, நாற்பது நிமிடம் காத்து நின்றிருந்தன!

அன்றைக்கு லாரி ஷெட்டில் கிடந்தது, காட்டுப்பக்கமே வரவில்லை என்று சக்திவேல் போலீசில் சொல்லியிருந்தான். அப்படியானால் ஹாரன் அடித்தது யார்? எபியின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் அவன். கல்லறையில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவன்.

ஜெரூஷா ஸ்டேஷனுக்குப் பறந்தாள்.

தேவானந்தம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்புறேன்மா. ஆனா மான் சாட்சி சொல்லுதுன்னு போய் நின்னா, ஜட்ஜ் என்னை டிரான்ஸ்ஃபர் பண்ணமாட்டார். ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்புவார்."

அவனே ஏதாவது செய்து மாட்டினால்தான் உண்டு என்றார்.

சனிக்கிழமை மாலை ஜெரூஷா சக்திவேலைப் போனில் பிடித்தாள்.

"எபி யாருக்கும் சொல்லாம ஒரு கேமரா கட்டியிருக்கான்ணா. எங்கேன்னு தெரியல. நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் தேடப் போறேன். கூட வரீங்களா?"

"இன்னா தங்கச்சி இப்டி கேட்டுட்ட? எபிக்கு இதுகூட செய்யலன்னா நான் இன்னா மனுசன்?"

ஞாயிறு காலை. சர்ச் முடிய ஒன்பதரை ஆகும். ஆறே காலுக்கே சக்திவேல் லாரியோடு காட்டில் இருந்தான்!

புதருக்குப் பின்னால் ஜெரூஷா, தேவானந்தம், ஒரு கான்ஸ்டபிள்.

எபி கிடந்த தெற்குக் கரையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வடக்குப் பாறை உச்சிக்குப் போனான். அங்கே ஒவ்வொரு மரமாகத் தடவினான். விளிம்பில் ஹோஸ் பைப் தேய்ந்த கறுப்புத் தடம்.

அவளுக்குச் சுரீரென்றது. மான்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொன்னவன், மான்களின் குட்டையிலிருந்தே உறிஞ்சி அபார்ட்மென்ட்டுகளுக்கு விற்றிருக்கிறான். எபி அதைப் பார்த்திருக்கிறான்.

விளிம்பில், நீர்ப்பக்கம் சாய்ந்த ஓர் இச்சி மரம். அதன் மறுபக்கத்தைப் பார்க்க அவன் எட்டினான்.

அவள் ஓசைப்படாமல் பின்னால் போய் நின்றாள்.

"கேமரா கெடச்சுதாண்ணா?"

திடுக்கிட்டான். செருப்பு வழுக்கியது. அடுத்த நொடி பாறைக்கு அந்தப் பக்கம், இரண்டு கையாலும் வேரைப் பற்றித் தொங்கினான்.

"தங்கச்சி... கை குடு. நீச்சல் தெரியாது."

தண்ணீர் விற்றே மாடி கட்டியவனுக்கு நீச்சல் தெரியாது!

ஜெரூஷா சாவகாசமாக உட்கார்ந்தாள். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பாறைமேல் வைத்தாள்.

"எபி குடிப்பானா?"

"வேரு அறுந்துகினு கீது தங்கச்சி..."

"எபி குடிப்பானாண்ணா?"

"மாட்டான். பாட்டிலு நான் வெச்சது. லாரில ஏத்தினு போய் அந்தாண்ட போட்டேன்."

"எதால அடிச்சீங்க?"

"ஸ்பேனர்... சீட்டுக்கு அடில கீது."

"இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"டேங்க் வால்வு அதுலதான் தெறக்கும். டெய்லி வோணும்..."

கான்ஸ்டபிள் லாரியைப் பார்த்து ஓடினார்.

சக்திவேலின் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. மிரண்ட மிருகம் அப்படித்தான், சத்தம் வந்த திசையைத் தவிர வேறெங்கும் பார்க்காது. அவன் கெஞ்சினான். அழுதான். கல்லறையில் அழுத அழுகை இல்லை இது. இதில் சத்தமே வரவில்லை.

ஜெரூஷா கை நீட்டவில்லை. பத்து நொடி. இருபது. முப்பது...

தேவானந்தம்தான் ஓடிவந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். விலங்கு மாட்டினார். கான்ஸ்டபிள் துணியில் சுற்றிய ஸ்பேனரோடு திரும்பினார். அதன் பல்லிடுக்கில் இன்னும் கறுப்பாக ஏதோ உறைந்திருந்தது.

மூச்சு வாங்கியபடி தேவானந்தம் விளிம்பில் குனிந்து கீழே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

சக்திவேலின் கால்கள் தொங்கிய இடத்துக்கு அரையடி கீழே... கட்டில் அகலத்துக்குத் தட்டையான பாறை!

"ஏம்மா, கையை விட்டிருந்தா ஜம்முன்னு நின்னிருப்பானே. உனக்குத் தெரியும்தானே? சொல்லியிருக்கலாம்ல?"

ஜெரூஷா ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"அவர் வழி கேக்கல சார். கைதான் கேட்டார்."